இன்னும் சரியாவலையா?

நான் வேலை பார்க்கும் டைல்ஸ் ஃபேக்டரியின் கேன்டீனில் மதியம் எல்லாருக்கும் முன்னால் என் தட்டுதான் வரும். கேன்டீனை இங்கே மென்ஸா என்பார்கள். சூளையில் நிற்கிறவர்களும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களும் பசியோடு வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே, பாவ்லா என்கிற கேன்டீன்காரம்மா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வருவார். தட்டில் சோறு இருக்கும், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு. அதன் நடுவில் ஒரு பல்குச்சியும், பல்குச்சியில் ஒட்டிய குட்டி நீலக் கொடியும் இருக்கும். கோதுமை படாத தட்டு, யாரும் கை வைக்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். வேறு யாருடைய ரொட்டித் தூளும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலில் தருகிறார்கள். நல்ல எண்ணம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்தில் அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கித் தூர எறியலாம்போல எரிச்சல் வரும். சோறு தின்பதற்கு ஊர்வலம் வேண்டுமா?

நான் விருத்தாசலத்துக்காரி. செராமிக் டிப்ளமா முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு கம்பெனியில், பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கிற பூச்சான கிளேஸ் கலக்கிக்கொண்டிருந்தவள். இப்போது வட இத்தாலியில், ஊர் முழுக்க டைல்ஸ் செய்கிற ஓர் ஊரில், அதே கிளேஸைத்தான் கலக்குகிறேன். அங்கே பழைய நைட்டிக்குமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு கலக்கினேன், இங்கே வெள்ளைக் கோட்டு. மண்ணும் தூசியும் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். பழகாமல் போனது கோதுமை. வந்த புதிதில் காலையில் ரொட்டி, மதியம் பாஸ்தா, இரவில் மறுபடி ரொட்டி என்று இந்த ஊர்க்காரர்களைப்போலவே தின்றேன். வயிறு உப்பியது. வாயெல்லாம் புண். தின்றது தின்ற வேகத்தில் வெளியே வந்தது. லேபுக்குப் போகும் மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். ரத்தம் கம்மி என்றார்கள். அது ஊரிலிருந்தபோதே கம்மிதான். ‘அது ஒழுங்கா துன்னாதுங்க டாக்டர்’ என்று அம்மா என் சார்பில் சொல்லி முடித்துவிடுவாள், டாக்டரும் டானிக் எழுதித் தருவார்.

இங்கேதான் கண்டுபிடித்தார்கள். சீலியாக் என்று பெயர். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற க்ளூட்டன் என்ற பசை உள்ளே போனால் சிலருக்கு உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கும். அடிபட்ட குடல் சத்தை உறிஞ்சாது. இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமையை நிறுத்துவதுதான் வைத்தியம். எத்தனை நாளில் சரியாகும் என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ‘பட்ஸியென்ஸா’ என்றார். பொறுமை வேண்டுமாம். சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே வயிறு லேசாகும், களைப்பு போக மாதங்கள் ஆகும், பெரியவர்களுக்குக் குடல் உள்ளே முழுசாக ஆற ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அதற்கு மேலோகூட ஆகலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி என்றார். இதெல்லாம் ஒரு பதிலா? எங்கள் ஃபேக்டரியில் டைல்ஸ் சூளையின் ஒரு வாயில் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் மறு வாயில் வெந்து வெளியே வந்துவிடுகிறது. இந்த நாட்டு டாக்டர் எனக்கு மட்டும், நாள்கணக்கில் வேகிற எங்கள் ஊர்ப் பழைய சூளைக் கணக்கைச் சொன்னால் எரிச்சல் வராதா?

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இந்த வெள்ளைக்காரர்கள்தான் ரொட்டியில்லாமல் தவிப்பார்கள், நமக்கென்ன, மூன்று வேளையும் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். ரொட்டி, பாஸ்தா, சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, மைதா பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே நாளில் தலைமுழுகினேன். கடையில் எதை எடுத்தாலும் பின்பக்கம் திருப்பி எழுத்தெண்ணிப் படித்தேன். இங்கே கோதுமை இருந்தால் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் அவருக்குப் பாஸ்தாவைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து பால்கனியில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் சில வாரங்களில் வயிற்று உப்புசம் கொஞ்சம் தணிந்தது. அவ்வளவுதான், வண்டி அங்கேயே நின்றுவிட்டது. வாய்ப்புண் வந்து வந்து போனது. களைப்பு அப்படியே இருந்தது. மாதங்கள் ஓடின. மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டுகிற எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை என்றார்கள். டயட்டீஷியன் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் ராத்திரியில் எழுந்து ஒளிந்து பிஸ்கட் தின்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

நான் சோறும் ரசமும் மோரும்தான் சாப்பிடுகிறேன் என்று கரடியாகக் கத்தினேன். ரசத்தில் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து பெருங்காயத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு இத்தாலி மொழியில் என்ன சொல்வது? ஒரு செடியின் பால், பிசின், மருந்துமாதிரி, வயிற்றுக்கு ரொம்ப நல்லது என்று கையை ஆட்டி விளக்கினேன். ‘ஆ, ரெஸினா’ என்று தலையாட்டினார். பிசினில் எங்கே கோதுமை வரப்போகிறது? அவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. அரிசியை எந்த மில்லில் பாலிஷ் போடுகிறார்கள், பக்கத்தில் கோதுமை அரைக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தப் பெருங்காயம் அம்மா அனுப்பியது. கட்டிப் பெருங்காயத்தை வாங்கி, எண்ணெயில் பொரித்து, இடித்துப் பொடியாக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகுவர்த்தியால் வாயை ஒட்டி, புளி, மிளகாய்த் தூளோடு பார்சலில் வைப்பாள். தினமும் வீடியோ காலில் அவள் முகம் தெரிவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: ‘இன்னும் சரியாவலையா?’ இல்லை என்றதும் அடுத்த வரி, ‘மோர்ல பெருங்காயம் போட்டுக் குடிக்கிறியா இல்லியா?’ குடித்தேன். காலையில் குடித்தேன், வேலையிலிருந்து வந்து குடித்தேன். வயிறு சரியில்லை என்றால் எங்கள் பக்கத்தில் வேறு என்ன செய்வார்கள்? அதிகமாக வலித்தால் அதிகமாகப் போட்டேன். பொடி தீர்ந்துபோனால் அடுத்த பார்சலில் இரண்டு பை வரும்.

நோயைவிடப் பெரிய தலைவலி ஒன்று பின்னாலேயே வந்தது. என் வேலை வருஷ ஒப்பந்தம். இந்த நாட்டில் தங்கும் அனுமதி அந்த ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்டது. என் வீட்டுக்காரரின் அனுமதி என்னுடையதோடு முடிச்சுப் போட்டது. ஒருநாள் லேபில் நின்றபடியே கண் இருட்டி ஒரு வாளி கிளேஸைத் தரையில் கவிழ்த்தேன். மேற்பார்வையாளர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கம்பெனி டாக்டர் மறுபடி பார்ப்பார், உடம்பு தாங்காது என்று அவர் எழுதினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது, இப்போதைக்கு விடுப்பில் போய் ஓய்வெடுங்கள் என்றார். ஊரில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஒரு மாசம் அம்மா கையால் சாப்பிட்டால் தன்னால் சரியாகிவிடும் என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது. டிக்கெட் போட்டேன்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் ஏறியதிலிருந்து வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கலிங்களா என்று கேட்டார். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அமுதா அக்கா நின்றிருந்தார். எனக்குக் கோதுமை ஆகாது என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருக்கிறார். என் தம்பி செந்திலுக்கும் அதே கதை, ராத்திரி அவனுக்குச் சப்பாத்திதான். உலகமே உடம்பு சரியாகக் கோதுமை தின்கிறபோது இவள் ஒருத்தி தலைகீழாக வந்து நிற்கிறாளே என்று அந்த அக்காவுக்கு ஆச்சரியம். மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் ரவா உப்புமா கொண்டுவந்து நீட்டினார். அக்கா, ரவையும் கோதுமைதான் என்றேன். ‘அது எப்பிடிம்மா? கோதும கோதும, ரவ ரவதான’ என்றார். கோயிலில் கொடுத்த கேசரியை வேறொருவர் கொண்டுவந்து, சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது என்று வாயருகே கொண்டுவந்தார். வேண்டாம் என்றதற்கு, இத்தாலிக்குப் போய்ச் சாமியையும் விட்டுட்டியா என்று கேட்டார்கள். நான் யாருக்கு என்று பதில் சொல்வேன்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மாவிடம்தான் முடியவில்லை. சப்பாத்தி தேய்க்கும்போது மாவு சமையல்கட்டு முழுக்கப் பறக்கும். அதே மேடையில் என் சோறு. சப்பாத்தி போட்ட கல்லில் எனக்குத் தோசை. சப்பாத்தி தொட்டுத் தின்ற குருமாக் கரண்டி என் குழம்பில். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு தோசைக்கல் தனியாக எடுத்து வை, அவ்வளவு போதும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி சொன்னேன். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அம்மா இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

‘பெத்த புள்ளைக்குத் தனித்தட்டு வெப்பாளாடி ஒருத்தி? வூட்டுக்கு வரவங்க பாத்தா என்னா நெனப்பாங்க?’

அவள் சொல்வதும் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் தனித்தட்டு, தனி டம்ளர் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடையில் யாருக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள், ஏன் வைத்திருந்தார்கள் என்று அவள் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அசிங்கத்தைப் பார்த்து வளர்ந்தவளிடம், என்னை அப்படி ஒதுக்கி வை என்று நானே போய்க் கேட்கிறேன். மருத்துவக் காரணம் என்று சொன்னால் காதில் ஏறுமா? ராத்திரி நான் தனியாக எடுத்து வைத்த கரண்டியைக் காலையில் அவள் மற்றதோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். பாசத்தோடுதான் செய்தாள். எனக்குப் பாசம் வேண்டாம், கரண்டிதான் வேண்டும் என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். இத்தாலியில் இருந்ததைவிட அம்மா வீட்டில் மோசமானேன். அதற்கும் மோரும் பெருங்காயமும் வந்தது.

ஒரு சாயங்காலம் பெருங்காயம் தீர்ந்துவிட்டது. நான் வாங்கிவருகிறேன் என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். வீட்டில் கிடந்து எல்லாருடைய வைத்தியத்தையும் கேட்பதற்குக் கொஞ்சம் நடக்கலாம் என்றுதான் போனேன். கடைக்காரர் பெட்டியை நீட்டினார். இத்தாலியில் ஆன பழக்கம், கை தன்பாட்டுக்குப் பெட்டியைப் பின்பக்கம் திருப்பியது. எறும்பு எழுத்தில் கூட்டுப் பெருங்காயம் என்றிருந்தது. அதற்குக் கீழே, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற வரியில், கோந்துக்குப் பக்கத்தில், கோதுமை மாவு. இன்னொரு முறை படித்தேன். வேறு கம்பெனிப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னேன். அதில் மைதா. சுத்தப் பெருங்காயம் காரமும் நாற்றமும் தாங்காது என்று மாவில் கலந்துதான் கட்டியாக்கி விற்கிறார்கள். கடைக்காரருக்கு அது செய்தியே இல்லை, மாவு சேக்காம எப்பிடிங்க கட்டியாவும் என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றையும்விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அத்தனை மாதமாக அந்நிய நாட்டுக் கடையில் உப்புப் பொட்டலத்தைக்கூடத் திருப்பிப் படித்தவள், ஊரிலிருந்து வந்த பையில் லேபிள் இல்லை என்பதைக் கவனிக்கவேயில்லை. ஊரிலிருந்து வந்ததை யாராவது சந்தேகப்படுவார்களா? அம்மா இடித்து அனுப்பியதற்கு லேபிள் எதற்கு? வயிறு வலிக்க வலிக்க, அந்த வலிக்கு மருந்தென்று அதே கோதுமையைக் காலையும் மாலையும் கரைத்துக் குடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அம்மா முன்னால் வைத்தேன். அவளுக்கு எறும்பு எழுத்து தெரியாது, நானே படித்துக் காட்டினேன். சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். முடியவில்லை. இதனால்தான் எனக்குச் சரியாகவில்லை, இதனால்தான் வேலை போகப்போகிறது, தினமும் இதைத்தான் குடி குடி என்றாய் என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். அம்மா மோர் கலக்க எடுத்து வைத்திருந்த சொம்பை எடுத்து வாய்க்காலில் ஊற்றினாள்.

‘அப்ப நாந்தான் இத்தினி நாளா ஒனக்கு வியாதிய இடிச்சி இடிச்சி அனுப்பிக்கினு இருந்தனா?’ என்றாள்.

இல்லம்மா என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது உண்மைதானே. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரியாது என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் நான் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. வெயில் ஏறியபிறகு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புதுத் தோசைக்கல், இரண்டு கரண்டி, ஒரு சின்னக் குக்கர், கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கம்பெனிகளில் கழித்துக்கட்டிய சாமான்களை விற்கிற கடையில் வாங்கியிருக்கிறாள். தட்டின் ஓரத்தில் கிளேஸுக்கு அடியில் கடுகளவு கரும்புள்ளி. மண்ணில் இரும்புத் துகள் கலந்தால் வருகிற புள்ளி அது. எங்கள் லேபில் அப்படி ஒன்று வந்தால் நான்தான் முதல் ஆளாகத் தூக்கிப் போடுவேன். அம்மாவுக்கு அது தெரிந்துதான் இருந்தது. ‘புள்ளி இருக்குது, இருக்கட்டும். அதான் அடையாளம், வேற யாரும் எடுக்க மாட்டாங்க’ என்றாள். செந்திலுக்குச் சப்பாத்தி கூடத்தில் கேஸ் அடுப்பை வைத்துத் தனியாகப் போட்டாள். பெருங்காயம் இல்லாமல் ரசம் வைத்தாள். வாயில் வைக்க வழங்கவில்லை, வெந்நீரில் புளியைக் கரைத்தமாதிரி இருந்தது. அம்மாவும் அதையே ஊற்றிச் சாப்பிட்டாள். அமுதா அக்கா வந்து அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, என்ன இது மகளுக்குத் தனியாக என்று கேட்டபோது, அம்மா, ‘ஆமாம், தனியாத்தான்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எத்தனை நாளில் சரியாகும் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கும், என்னைப்போல அயல்நாட்டில் டாக்டர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். உண்மையில் நிறுத்திய நாளிலிருந்துதான் கணக்கு. நிறுத்திவிட்டேன் என்று நினைத்த நாளிலிருந்து இல்லை. இங்கே இத்தாலிக்குத் திரும்பி வந்தபிறகு வயிறு சில வாரங்களில் அடங்கியது. வாய்ப்புண் எப்போது நின்றது என்று தெரியாது, ஒருநாள் ஊறுகாய் தின்றபோது எரியவில்லை என்று கவனித்தேன். ரத்தம் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏறியது. கம்பெனி டாக்டர் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார், ஆனால் போட்டார். ஒப்பந்தம் நீண்டது. களைப்புதான் கடைசிவரை வம்பு பண்ணியது. நன்றாக இருக்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் துள்ளினால் மூன்றாம் நாள் படுக்கவைத்துவிடும். பொறுமை, பொறுமை என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு எனக்கிருந்த கொஞ்சம் பொறுமையும் போய்விட்டது. பிறகு ஒரு காலை, லேபுக்குள் நுழைந்து கோட்டை மாட்டும்போதுதான் தோன்றியது, மாடிப்படியில் நான் நிற்கவேயில்லை. எந்த நாளிலிருந்து நிற்காமல் ஏறுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. என்னை அத்தனை காலம் படுத்திய வியாதி, போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

அன்று மதியம் கேன்டீன் வரிசையில் நின்றபடி அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். முகம் தெரிவதற்கு முன்பே வழக்கமான கேள்வி வந்தது. சரியாயிடுச்சும்மா என்றேன். அவள் நம்பாமல் இரண்டு முறை கேட்டாள். அப்புறம் அவள் முகம் விரிந்ததே, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். படம் ஆடி ஆடி நின்றது. மேல் அலமாரியில் என் வெள்ளைத் தட்டு தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்:

‘அதான் சரியாயிடுச்சில்ல? இந்தத் தட்ட இனிமே எல்லாத் தட்டோடயும் சேத்து வெச்சிடட்டுமா?’

இன்னும் சரியாவலையா என்று அத்தனை மாதமாக அவள் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சரியானபிறகு நான் பழையபடி ஆகிவிடுவேன், எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவேன் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். குடல் ஆறினாலும் உயிருள்ளவரைக்கும் கோதுமை ஆகாது என்று டாக்டர் என்னிடம் முதல் நாளே சொன்னதை, நான் அவளிடம் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

‘வேணாம்மா’ என்றேன். ‘அது தனியாவே இருக்கட்டும்.’

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. முந்தானையால் அதை ஒரு முறை துடைத்து, பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். இதோ, இனிமேல்தான் என்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பாவ்லா வந்துகொண்டிருந்தார், கையில் என் தட்டோடும் அதன் நடுவில் நீலக் கொடியோடும். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.